பல்கலைக்கழக நூலகங்களை ஊருக்கும் திறந்துவிடுங்கள்: துணைவேந்தர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், நூலகர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வளாக நூலகங்களில் வெளியாட்களும் உட்கார்ந்து படிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். மாணவர், ஆசிரியர், பதிவுசெய்த ஆய்வாளர் என்ற மூன்று வகையிலும் சேராத ஒருவர் ஏதாவது ஓர் அடையாள அட்டையோடு வாசலுக்கு வருகிறார். பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே போகிறார். வேண்டிய நூலை எடுத்துப் பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டு திரும்புகிறார். இது நடக்க வேண்டும். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. உட்கார ஒரு நாற்காலி, தேட ஒரு பட்டியல், கேட்டால் எடுத்துத் தர ஓர் ஆள் இருந்தால் போதும்.

நான் ஊர் வரலாறு எழுதுகிறவன். ஏரி, மதகு, வாய்க்கால், குடிமராமத்து என்று நீர்நிலைகளைச் சுற்றித்தான் என் வேலை. எந்தக் கல்லூரியிலும் எனக்குப் பதவி கிடையாது. என்னைப் போன்றவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்ட தலைமையாசிரியர்கள், பழைய நாடக நோட்டீஸ்களைத் தேடும் கலைஞர்கள், அச்சில் இல்லாத நூல்களை மறுபடி கொண்டுவரும் சிறு பதிப்பாளர்கள், பழைய மருத்துவச் சுவடிகளைப் படித்துப் பார்க்க விரும்பும் சித்த மருத்துவர்கள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களையும் இதில் சேர்க்க வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வந்த அன்றே அவர்களுடைய நூலக அட்டை செல்லாமல் போய்விடுகிறது. படிக்கும் ஆசை அன்றோடு நின்றுவிடுவதில்லையே.

இந்தக் கோரிக்கை புதிதல்ல. நம் பல்கலைக்கழக நூலகங்களின் வரலாற்றிலேயே இது இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதற்கென்று ஒரு நூலகம் வர 1907 வரை, ஐம்பது ஆண்டுகள் ஆயின. அந்நாளில் பல்கலைக்கழகம் என்பது பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பு. பாடம் நடந்ததெல்லாம் கல்லூரிகளில். அதனால் நூலகம் இல்லாததை யாரும் பெரிய குறையாக நினைக்கவில்லை போலிருக்கிறது. தொடங்கிய பிறகும் எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில்தான் ஒண்டுக்குடித்தனம். 1924இல் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்து சேர்ந்தார்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு அந்த வேலை சலித்துவிட்டது. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய்க் கேட்டார். முதலில் லண்டனுக்குப் போய்ப் பயிற்சியை முடித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. லண்டனில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் குரோய்டன் பொது நூலகத்தின் நூலகரான பெர்விக் சேயர்ஸ். அங்கே நூலகம் நூலகமாகச் சுற்றிப் பார்த்தபோது, தொழிலாளிகளும் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் சகஜமாக வந்து படித்துவிட்டுப் போவதைக் கண்டார். 1925இல் ஊர் திரும்பியபோது வகுப்பறைக்குப் போகும் பேச்சை எடுக்கவே இல்லை.

திரும்பி வந்து அவர் செய்த முதல் காரியங்களைப் பாருங்கள். வாசகர் தானே அடுக்குகளுக்கு நடுவே போய்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வாசகரோடு இருந்து தேடிக் கொடுப்பதையே ஒரு தனிப் பணியாக ஆக்கினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டே அந்தச் சங்கம் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. பிறகு அதைப் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தியது. 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் புத்தகம் போனபோது அதைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதன்தான். 1936இல் கடற்கரையைப் பார்த்த சேப்பாக்கம் வளாகத்தில் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. 1948இல் விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னாலும் அவருடைய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

ஆக, இந்த மாநிலத்தின் ஊர்ப்புற நூலகங்களுக்கு வழிபோட்டவர் ஒரு பல்கலைக்கழக நூலகர். வளாகத்துக்கு உள்ளே இருப்பவர்களை ஒரு சாராராகவும் வெளியே இருப்பவர்களை வேறொரு சாராராகவும் அவர் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. உங்கள் நூலகத் தகவல் அறிவியல் துறைகளில் இன்றும் முதல் பாடமாகச் சொல்லித்தரும் அவருடைய ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. ‘நூல்கள் பயன்படுவதற்கே’ என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இவற்றில் எங்கேயும் ‘அடையாள அட்டை உள்ள வாசகர்’ என்று இல்லை.

எனக்கு மூன்றாவது விதிதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு நூல் தன் வாசகருக்காகக் காத்திருக்கிறது என்றால், அந்த வாசகர் வளாகத்துக்குள்தான் இருப்பார் என்று யார் சொல்ல முடியும்?

கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்தில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் இருந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களையும் சூத்திரங்களையும் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும் நூல். நிரூபணம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. லண்டனில் தேர்வுக்குத் தயார் செய்பவர்களுக்காக எழுதியது அது. 1903 வாக்கில் அந்தப் புத்தகம், நண்பர்கள் வழியாக, அந்தக் கல்லூரியில் அப்போது படிக்காத ஒரு பள்ளி மாணவன் கைக்குப் போனது. அந்த மாணவன் ராமானுஜன். அந்தச் சூத்திரங்களுக்கு நிரூபணங்களைத் தானே கண்டுபிடிக்க உட்கார்ந்தவர், அதில் இல்லாதவற்றையும் எழுதத் தொடங்கினார். பின்னாளில் கல்லூரித் தேர்வில் தோற்று, பட்டம் இல்லாமல், துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியைத் தாண்டித்தான் கொடுத்தார்கள். அவர் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்களின் மூலப் பிரதிகள் இன்று சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் செல்வம்.

இதற்கு மறுமுனையில் இன்னொரு நிகழ்ச்சி. ராமானுஜன் தம் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில், வேறொரு கணிதப் பேராசிரியரின் காகிதங்களோடு சேர்ந்து பெட்டியில் கிடந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். அவற்றின் அருமையை உணர்ந்து உலகத்துக்குச் சொன்னவர் அந்தக் கல்லூரிக்காரர் அல்ல. 1976இல் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற கணித ஆய்வாளர், அந்தப் பெட்டிகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர்களும் எடுத்துக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் பெட்டியைத் திறந்து காட்டியதால் கணித உலகம் அடைந்ததைக் கணக்கிட முடியாது. ஆண்ட்ரூஸ் பேராசிரியர், அவரோடு எங்களை ஒப்பிட முடியாது என்று நீங்கள் சொல்லலாம். சரி, ஒப்பிட வேண்டாம். எந்தப் பெட்டிக்கு எந்த ஆள் என்பதை வாசலில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘வெளியாட்களுக்குத்தான் பொது நூலகங்கள் இருக்கின்றனவே’ என்ற பதிலைப் பல முறை கேட்டிருக்கிறேன். கன்னிமாரா இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. மூன்றும் மகிழ்ச்சி தரும் இடங்கள். மூன்றிலும் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறார்கள். ஆனால் பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பது வேறு சரக்கு. ஆய்வேடுகள், துறைகள் நடத்திய கள ஆய்வுகளின் அறிக்கைகள், ஆய்விதழ்களின் பழைய தொகுதிகள், பேராசிரியர்கள் விட்டுச்சென்ற சொந்தச் சேகரிப்புகள் ஆகியவற்றில் பலவும் வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஒரே ஓர் உதாரணத்தைச் சற்று நீட்டிச் சொல்கிறேன். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, இந்தியப் பொருளாதாரம் என்ற பாடத்தின் முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். அவர் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யார் யாரிடம் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன், கூலி நெல்லாகவா காசாகவா, கிணறு எத்தனை, மாடு எத்தனை என்று எழுதிவரச் சொன்னார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வட ஆற்காட்டுத் தூசி, தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் அதில் அடக்கம். 1918இல் அது நூலாக வந்தது. 1930களில் பல்கலைக்கழகம் அதே ஊர்களுக்கு மறுபடி ஆட்களை அனுப்பியது. அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் அங்கே போயிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டு முழுக்க ஒரு கிராமம் எப்படி மாறியது என்று ஊர் ஊராகச் சொல்லும் இப்படியொரு பதிவு இந்தியாவில் வேறு எத்தனை இடங்களுக்கு இருக்கும்!

இந்த நூல்கள் எல்லாம் அந்த ஊர் மக்கள் வாய்விட்டுச் சொன்ன தகவல்களால் ஆனவை. கொள்ளுத் தாத்தா வட்டிக்கு வாங்கியதும், கொள்ளுப் பாட்டி நடவுக்குப் போய் வாங்கிய கூலியும் அதில் இருக்கின்றன. இன்று இருவேல்பட்டிலிருந்தோ தூசியிலிருந்தோ ஒருவர் கிளம்பி வந்து, எங்கள் ஊரைப் பற்றி எழுதியதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், உங்கள் வாசலில் என்ன பதில் கிடைக்கும்? தகவல் கொடுக்க மட்டும் அவர்கள் வேண்டும், படிக்க வேண்டாம் என்று நீங்கள் யாரும் நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் நடைமுறை அப்படித்தான் ஆகிவிட்டிருக்கிறது.

ஆய்வேடுகளின் கதையும் இதுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த விதிகளால் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைப்பது கட்டாயமானது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ தளத்தில் இன்று யாரும் லட்சக்கணக்கான ஆய்வேடுகளைப் படிக்கலாம். மிக நல்ல காரியம். ஆனால் அதற்கு முந்தைய காலத்தவை? தட்டச்சு செய்து, கறுப்பு அட்டையில் தங்க எழுத்துப் பொறித்து பைண்டு போட்டுக் கொடுத்த ஆய்வேடுகளில் பலவும் இன்னும் அந்தந்த நூலகத்து ரேக்குகளில்தான் இருக்கின்றன. எம்.ஃபில். ஆய்வேடுகளின் நிலை அதைவிட மோசம். சின்னச் சின்ன ஊர்கள், கோயில் திருவிழாக்கள், கைத்தொழில்கள், வழக்காறுகள் பற்றித் தமிழில் எழுதிய ஏராளமான எம்.ஃபில். ஆய்வேடுகள் உண்டு. அவற்றில் பேசியிருக்கும் தெருக்கூத்துக் கலைஞர்களும் மண்பாண்டத் தொழிலாளிகளும் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்னது அந்த ஆய்வேட்டில் மட்டுமே இருக்கும்.

அப்படி ஓர் ஆய்வேட்டைத் தேடித்தான் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நான் போனேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. எங்கள் வட்டாரத்து ஏரிப் பாசனத்தைப் பற்றிய ஆய்வேடு அது. வாசலில் இருந்த செக்யூரிட்டி ஐடி கார்டு கேட்டார். ஆதாரைக் காட்டினேன், அது போதாது என்றார். கவுன்ட்டரில் விசாரித்தபோது, ஏதாவது ஒரு துறைத் தலைவரிடம் லெட்டர்பேடில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். எனக்கு எந்தத் துறைத் தலைவரைத் தெரியும்? கடைசியில் அங்கே படித்த ஒரு பையன் இரக்கப்பட்டு, உள்ளே போய் அந்த ஆய்வேட்டின் பக்கங்களைச் செல்பேசியில் படமெடுத்து அனுப்பினான். பாதிப் பக்கங்கள் மங்கல். மதகுகளின் பட்டியல் இருந்த இணைப்பை அவன் எடுக்கவில்லை. அது எனக்கு முக்கியம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த நூலக ஊழியர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களுக்குக் கொடுத்திருக்கும் விதி அது.

சில பல்கலைக்கழகங்களில் வெளியாட்களை அனுமதிக்கிறார்கள். கட்டணம் கட்டிப் போகலாம், அல்லது நூலகரை நேரில் பார்த்துப் பேசினால் விடுவார்கள். அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் நூலகரின் நல்ல மனசை நம்பி இருக்கும் அனுமதி, அவர் மாறுதலாகிப் போனால் கூடவே போய்விடும். அது எழுதிய விதியாக, இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். கடிதம் கொண்டுவரச் சொல்வதையும் விட்டுவிட வேண்டும். கல்விக்கூடத்தில் ஆள் தெரிந்தவருக்குத்தான் கடிதம் கிடைக்கும். முதல் தலைமுறையாகப் படித்து எழுத வந்தவருக்கு அங்கே யாரையும் தெரியாது.

இப்போது மின்னிதழ்களுக்கு வருகிறேன். அச்சிட்ட இதழ்கள் ரேக்கில் இருந்த காலத்தில், ஒருமுறை உள்ளே போய்விட்டால் எதையும் எடுத்துப் படிக்கலாம். இப்போது நூலகத்துக்குள் போனாலும் மின்னிதழைப் படிக்கக் கடவுச்சொல் வேண்டும். மத்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. இந்தத் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். சிறு ஊர்க் கல்லூரி மாணவருக்கும் பெரிய நிறுவனத்து மாணவருக்கும் ஒரே இதழ் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் பெயரில் ஒரே நாடு என்று இருந்தாலும், நிறுவனத்தைச் சேராத குடிமகனுக்கு அதில் இடமில்லை. பணம் பொதுப்பணம்.

உலகில் பல பல்கலைக்கழக நூலகங்கள் பதிப்பகங்களோடு போடும் ஒப்பந்தத்தில், நேரில் வந்து நூலகத்துக் கணினியில் படிக்கும் வெளி வாசகருக்கும் அனுமதி என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகின்றன. வீட்டிலிருந்து படிக்க முடியாது, கடவுச்சொல் கொடுக்க மாட்டார்கள்; உள்ளே வந்தால் படிக்கலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ ஒப்பந்தத்தை நீங்கள் போடவில்லை என்பது தெரியும். ஆனால் அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தையில் இந்த வரி வேண்டும் என்று, அந்தத் திட்டத்தைச் செயல்படுத்தும் இன்ஃப்ளிப்நெட்டுக்கு எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான். ஒரு தனி வாசகன் எழுதினால் அது கோப்பில் போய்ச் சேரும். துணைவேந்தர்கள் சேர்ந்து எழுதினால் பதில் வரும். உங்கள் பல்கலைக்கழகமே தனியாக வாங்கும் தரவுத்தளங்களில் இந்த வரியைக் கேட்டு வாங்குவதற்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

உள்ளே வருவதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பல நூலகங்களின் பட்டியலை இணையத்தில் தேடலாம் என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் வளாகத்துக்கு வெளியே திறக்காது, அல்லது கடந்த இருபது ஆண்டுகளில் வாங்கிய நூல்கள் மட்டும் இருக்கும். பழைய சேகரம் இன்னும் அட்டைப் பெட்டிகளிலோ, யாரோ ஒரு மூத்த உதவியாளரின் நினைவிலோ இருக்கிறது. தமிழ் நூல்களின் பெயரை ஆங்கில எழுத்தில் ஏற்றிவைத்திருப்பது இன்னொரு தொல்லை. ஒரே ஆசிரியரின் பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். எந்த எழுத்துக்கூட்டலில் தேடுவது? ‘கோஹா’ போன்ற கட்டற்ற நூலக மென்பொருளில் தமிழ் எழுத்திலேயே ஏற்றலாம், தமிழிலேயே தேடலாம். நூலக அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கே இதைப் பயிற்சியாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு தொகுதி மாணவர்களும் சில ஆயிரம் பழைய தமிழ் நூல்களைத் தமிழில் பட்டியலிட்டுவிட்டுப் போனால், அவர்களுக்கும் படிப்பு, எங்களுக்கும் வழி.

இதில் அவசரமும் இருக்கிறது. 1870களுக்குப் பிறகு, மரக்கூழில் செய்து படிகாரம் சேர்த்த தாளில் அச்சான நூல்கள் தம் அமிலத்தாலேயே உடைகின்றன. நம் ஊர் வெக்கையும் கடலோர ஈரமும் அதை வேகப்படுத்துகின்றன. ராமபாணப் பூச்சியும் கரையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. இருபதாம் நூற்றாண்டு முற்பாதித் தமிழ் இதழ்களைத் திறந்தாலே ஓரம் பொடிப்பொடியாக உதிரும். சுவடிகளைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இந்தத் தாள்களைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. நன்றாகப் பாதுகாத்த ஓலை பல நூறு ஆண்டுகள் தாங்குகிறது. 1925இல் அச்சான ஒரு வார இதழ் அப்படித் தாங்காது. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை இல்லை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கும் தடையில்லை. இவற்றையாவது ஸ்கேன் செய்து பொதுவில் வையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துவருகிறது. அதோடு கைகோத்தாலே போதும். ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் சேகரங்களில் பெரும் பகுதி வெளியிலிருந்து வந்தது. சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் நெடுங்காலம் இருந்து, இப்போது அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிருக்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் அடித்தளமே காலின் மெக்கன்சி, சி. பி. பிரவுன் போன்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் ஊர் ஊராகத் திரட்டியவைதான். அந்தச் சுவடிகளைக் கொடுத்த குடும்பங்கள் பல்கலைக்கழகக் குடும்பங்கள் அல்ல. இன்றும் ஒரு தமிழாசிரியர் இறந்துபோனால் பிள்ளைகள் அவருடைய புத்தகங்களைக் கொடுக்கத் தேடுவது பல்கலைக்கழக நூலகத்தைத்தான். கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்தப் பிள்ளைகளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் அட்டை கேட்கிறார்கள். கொடுத்த மூட்டை பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்து மனம் நொந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

நல்ல சேகரங்கள் வேறிடம் போய்ச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுப்பு இன்று கொல்கத்தா தேசிய நூலகத்தில் இருக்கிறது. அது அங்கே பத்திரமாக இருக்கிறது என்பதில் மகிழ்ச்சிதான். திருநெல்வேலியிலிருந்து அதைப் பார்க்கப் போகிறவரின் பயணத்தையும் நினைத்துக்கொள்கிறேன். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, கிட்டத்தட்ட ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் சேர்த்து வைத்துவிட்டு 1992இல் காலமானார். அதை வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல், சென்னையிலேயே வைத்து 1994இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். பட்டியலிட்டார்கள், நுண்படம் எடுத்தார்கள், வந்து கேட்பவர்களுக்குக் காட்டினார்கள். பட்டம் எதுவும் வாங்காத ஒருவர் சேர்த்ததை நம்பித் தமிழ் ஆய்வில் எத்தனை முனைவர் பட்டங்கள் பிறந்திருக்கின்றன என்று உங்கள் ஆய்வேடுகளின் நன்றியுரைகளைப் புரட்டினாலே தெரியும். புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் ஒரு தம்பதி தங்கள் சொந்தக் காசில் உருவாக்கியதுதான். அங்கே உங்கள் மாணவர்கள் போய்ப் படிக்கிறார்கள். அவர்கள் வாசல் உங்களுக்குத் திறந்திருக்கிறது.

உங்களுடைய சங்கடங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. புத்தகம் காணாமல் போகும் என்ற பயம் முதலாவது. திறந்த அடுக்கு முறை எங்கே வந்தாலும் இந்தப் பயம் கூடவே வந்தது. அதற்காக அடுக்குகளை மறுபடி பூட்டிவிடவில்லை. இப்போது பைகளை வெளியே வைக்கச் சொல்கிறீர்கள், கேமரா இருக்கிறது, பல இடங்களில் புத்தகத்துக்குள் சில்லு ஒட்டி வாசலில் மணியடிக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. அரிய நூல் என்றால் உங்கள் கண்ணெதிரே உட்காரவைத்துக் கொடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இடம் போதாது என்பது இரண்டாவது. தேர்வுக் காலத்தில் மாணவர்களுக்கே முன்னுரிமை கொடுங்கள், அந்த வாரங்களில் எங்களை வர வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள். வருடத்தின் மற்ற நாட்களில், அதுவும் விடுமுறை மாதங்களில், வாசிப்பறைகள் எவ்வளவு காலியாக இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

ஆள் பற்றாக்குறைதான் உண்மையான சிக்கல். ஓய்வுபெற்ற நூலக ஊழியர்களின் இடங்களை நிரப்பாமல், ஒப்பந்தத்தில் வந்தவர்களை வைத்து ஓட்டும் நூலகங்களில், வெளியாளுக்கும் தேடிக் கொடுங்கள் என்று கேட்பது அந்த ஊழியர்களை வதைப்பதாகும். ஆகவே பணியிடங்களை நிரப்புங்கள் என்பதும் இந்த மடலின் கோரிக்கைதான். வாசகர்கள் உள்ளே வரத் தொடங்கினால், நிதி கேட்டு அரசிடம் போகும்போது உங்களுக்கும் பேச்சு இருக்கும். இத்தனை ஊர்க்காரர்கள் வந்து பயன்படுத்துகிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைக் காட்டிக் கேட்கலாம். ஆள் வராத நூலகத்துக்கு ஆள் கேட்டால் எந்த நிதித்துறையும் கொடுக்காது.

இனி நான் கேட்பதை ஓரிடத்தில் சொல்லிவிடுகிறேன். ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்தில் வெளி வாசகர் அனுமதியை ஒரு பொருளாக வையுங்கள். அரசு கொடுத்த ஏதேனும் ஓர் அடையாள அட்டை போதும், யாருடைய பரிந்துரையும் தேவையில்லை என்று விதி செய்யுங்கள். கட்டணம் வேண்டுமென்றால் வையுங்கள். ஒரு நாள் கூலிக்காரரும் தயங்காமல் கொடுக்கும் அளவில் இருக்கட்டும். மாணவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வயதானவருக்கும் அதுவும் வேண்டாம். ஆய்வேடுகளும் அரிய நூல்களும் உட்பட முழுப் பட்டியலும் வளாகத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கட்டும். சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு நகல் எடுத்துக்கொள்ளவும், செல்பேசியில் படமெடுக்கவும் விடுங்கள். நூலகத்தில் இரண்டு கணினிகளை வெளி வாசகருக்கென்று ஒதுக்குங்கள். தொலைவிலிருந்து எழுதிக் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கட்டும். இராமநாதபுரத்திலிருந்து கோவைக்கு வந்த பிறகு, அந்தத் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்வது பெரிய கொடுமை. இதையெல்லாம் தமிழில் எழுதி இணையதளத்தின் முதல் பக்கத்திலும் வாசல் பலகையிலும் போடுங்கள், காவலில் இருப்பவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவரிடம்தான் நாங்கள் முதலில் வந்து நிற்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாவிட்டால் ஆய்வேடுகளிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் புதிய கட்டடமோ பதிப்பகத்தின் சம்மதமோ தேவையில்லை. உங்கள் கையெழுத்து ஒன்று போதும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 12ஐ ரங்கநாதன் நினைவாக நூலகர் தினமாகக் கொண்டாடுகிறீர்கள். வரும் ஆகஸ்ட் 12 அன்று இந்த அறிவிப்பு உங்கள் வாசலில் ஒட்டப்பட்டிருந்தால், மறுநாள் காலை அந்த மதகுப் பட்டியலைப் பார்க்க நான் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஊர் வரலாறு எழுதும் ஒரு வாசகன்